மருத்துவர் பதில்கள்: ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, தோல் கருத்துப்போகுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு இதய வால்வு மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ரத்தம் உறையாமலிருக்க தினமும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். காலில் ரத்தக்கட்டுக்காக இதே மாத்திரையைத் தொடங்கிய பக்கத்து வீட்டு அக்காவுக்கு, நான்காம் நாளே தொடைத் தோல் கருத்து அழுகி, வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டவேண்டி வந்தது. அம்மாவின் கையிலும் நீலத் திட்டுகள் தெரிகின்றன. மாத்திரையை நிறுத்திவிட்டு, வர்ம வைத்தியம் செய்யும் ஆசானிடம் உழிச்சல் (எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவுதல்) போடலாமா?
வாசகி, தக்கலை

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. செயற்கை வால்வில் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து, பக்கவாதமும் வரலாம்.

அந்த அக்காவுக்கு வந்தது மிக அரிய பாதிப்பு. பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய 3 முதல் 10 நாட்களுக்குள், தொடை, மார்பகம், பிட்டம், வயிறு போன்ற கொழுப்பு மிகுந்த இடங்களில் வரும். வார்ஃபரின் ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை மட்டுமன்றி, உறைதலைத் தடுக்கும் ‘புரதம் சி’ என்பதையும் குறைக்கிறது. புரதம் சி சுமார் 8 மணி நேரத்தில் பாதியாகிவிடும். உறையவைக்கும் புரோத்ராம்பின் பாதியாகவோ இரண்டு மூன்று நாட்கள் ஆகும். இந்த இடைவெளியில் தோலின் நுண்ணிய நாளங்களில் ரத்தம் உறைந்து, அப்பகுதி பட்டுப்போகிறது. பிறவியிலேயே புரதம் சி குறைந்தவர்களுக்கும், எடுத்த எடுப்பில் அதிக அளவு மாத்திரை பெறுபவர்களுக்கும் ஆபத்து கூடுதல். ரத்தக்கட்டுக்கு வார்ஃபரின் தொடங்கும்போது குறைந்தது ஐந்து நாட்கள், ரத்தம் உறைவதை உடனடியாகத் தடுக்கும் ஹெபாரின் ஊசியும் சேர்த்துப் போடுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. புதிதாகத் தொடங்கியவருக்கு ஓரிடத்தில் கடும் வலியோடு தோல் சிவந்து கருநீலமானால், மறுநாள் வரை காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உங்கள் அம்மா அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டார். கைத் திட்டுகள் பெரும்பாலும் லேசாக இடித்ததால் தோலடியில் கசிந்த ரத்தமாகவே இருக்கும். ஆனாலும் அவை அடியேதும் படாமல் தோன்றினாலோ, ஈறில் ரத்தம் வந்தாலோ, மலம் கருத்தாலோ உடனே ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும்) பரிசோதனை செய்யுங்கள், மருந்தின் அளவு கூடியிருக்கலாம்.

நம் மாவட்டத்தில் உடம்பு வலி என்றாலே ஆசானைத் தேடிப் போகும் வழக்கம் உண்டென்பதை அறிவேன். ஆயினும் வார்ஃபரின் சாப்பிடுபவரை அழுத்தி உழிந்தால் தசைக்குள் ரத்தம் கசிந்து வீங்கக்கூடும் என்பதால், உழிச்சல் வேண்டாம்.

இன்னொன்றையும் வலியுறுத்துகிறேன்: பல நாட்கள் மாத்திரையை விட்டுவிட்டுத் தாமாகவே மீண்டும் தொடங்கியவர்களுக்கும் தோல் கருத்துப்போனதுண்டு. எனவே இடையில் சில நாட்கள் விட்டுப்போனால், மருத்துவரிடம் அளவைக் கேட்ட பிறகே மறுபடி கொடுங்கள்.