வட்டி குறைவு, சரி. பணம் எப்போது வரும்?

கேள்வி: அரசு உத்தரவாதத்தோடு வரும் கடன் என்றால், நெல் பொய்த்துப்போனால் சிறு விவசாயி திருப்பிக் கட்ட வேண்டாம், அப்படித்தானே?

பதில்: இல்லை. உத்தரவாதம் வங்கிக்கு. விவசாயி கட்டாமல் போனால் நட்டத்தில் ஒரு பங்கை அரசின் நிதி வங்கிக்கு ஈடுகட்டும், ஆனால் கடன் அவர் பெயரில் அப்படியே நிற்கும், நோட்டீஸும் வரும். பயிர் போனால் கைகொடுக்க வேண்டியது காப்பீடு, அல்லது அரசு அறிவிக்கும் தவணை நீட்டிப்பு. மூன்றும் தனித்தனி விஷயம். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் வரிசையாகக் கையெழுத்து வாங்கிவிடுவதால் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறோம். அடமானம் வைக்க ஒன்றுமில்லாதவரை வங்கி வாசலுக்குள் விடுகிறதே, அதுதான் உத்தரவாதத்தால் விவசாயிக்குக் கிடைக்கும் லாபம். சின்ன லாபம் இல்லை அது.

கேள்வி: இவ்வளவு குறைந்த வட்டியில் கடன் இருந்தும் நெல் விவசாயி ஏன் இன்னும் வட்டிக்காரரிடம் போகிறார்?

பதில்: வட்டிக்காரர் இன்றைக்கே கொடுப்பார், அதனால்தான். நெல்லுக்குக் கெடு உண்டு. நாற்று மூன்று, நான்கு வாரத்தில் நடவுக்கு வந்துவிடும், முற்றிய நாற்றை நட்டால் தூர் சரியாகக் கட்டாது. அப்புறம் களை, அப்புறம் கதிர் உருவாகும் பருவத்தில் மேலுரம். அந்த யூரியா சில வாரம் தள்ளி, கதிர் வெளியே வந்தபிறகு வந்தால் மணி எண்ணிக்கை கூடாது. பயிர் பச்சையாக நிற்கும், பூச்சி வரும், காற்றடித்தால் சாயும். கடன் மனு மூன்று மேசை தாண்டி வருவதற்குள் இதெல்லாம் முடிந்துபோகும். நூற்றுக்கு மாதம் 3 என்று வாங்கினாலும் நாலு மாதத்துக்கு வட்டி 12 சதவீதம்தான், உரம் தவறினால் அதைவிட அதிகமாகவே போய்விடும் என்று விவசாயி போடுகிற கணக்கில் தப்பில்லை.

இன்னொரு கோளாறு மறுமுனையில் இருக்கிறது. பல கடன்களில் தவணை அறுவடையை ஒட்டியே வைக்கப்பட்டிருக்கும். அறுத்த நெல்லில் ஈரப்பதம் பொதுவாக 20 முதல் 25 சதவீதம், சேமித்து வைக்க 14-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். காயவைக்கக் களமும் இல்லை, தவணைத் தேதியும் நெருங்குகிறது என்றால் வயலோரத்திலேயே ஈர நெல்லாகக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஊர் முழுக்க ஒரே வாரத்தில் விற்கும்போது விலை எப்படி இருக்கும்? வியாபாரி நாலு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்து 'ஈரம்' என்று சொல்லிக் கழிக்கிற தொகையிலேயே, அரசு கொடுத்த வட்டி மானியம் காணாமல் போகும். என்னைக் கேட்டால், வட்டியை இன்னும் ஒரு சதவீதம் குறைப்பதைவிடத் தவணையை மூன்று மாதம் தள்ளி வைப்பது விவசாயிக்கு அதிகம் உதவும். செலவும் குறைவு, ஆனால் மேடையில் அறிவிக்கக் கவர்ச்சியாக இருக்காது!

கேள்வி: அடமானமே கேட்காமல் நெல்லுக்குக் கடன் கொடுத்த நாடு எதுவும் உண்டா?

பதில்: உண்டு. பிலிப்பைன்ஸில் 1973-இல் மார்க்கோஸ் ஆட்சி தொடங்கிய 'மசகானா 99'. ஹெக்டேருக்கு 99 மூட்டை எடுக்க வேண்டும் என்பது இலக்கு, பெயரே அதிலிருந்து வந்ததுதான். புதிய ரக விதை, உரம், கூடவே வயலுக்கு வரும் வேளாண் அலுவலர். கிராமப்புற வங்கிகள் கொடுக்கும் கடனுக்குப் பின்னால் மத்திய வங்கி நின்றது. முதல் சில போகம் நன்றாகவே போனது, விளைச்சல் கூடியது, எழுபதுகளின் பிற்பாதியில் நாடு கொஞ்சம் அரிசி ஏற்றுமதிகூடச் செய்தது. ஆனால் புயலிலும் நோயிலும் பயிர் இழந்தவர்களால் கட்ட முடியவில்லை, கட்டாதவருக்கு அடுத்த போகக் கடன் கிடையாது, ஆகவே கடன் யாருக்குத் தேவையோ அவரே முதலில் வெளியே போனார். கடன் வாங்குவோர் எண்ணிக்கை சரிந்தது, வாராக்கடன் ஏறிப் பல சிறு வங்கிகள் நொடித்தன. திட்டம் எண்பதுகளில் முடிந்தது.

கேள்வி: பணமாகக் கொடுத்தால் வேறு செலவாகிறது. விதை, உரமாகவே கொடுத்து நெல்லாகத் திருப்பி வாங்கிக்கொண்டால் என்ன?

பதில்: நைஜீரியாவின் மத்திய வங்கி 2015-இல் கெப்பி மாநிலத்தில் அப்படித்தான் தொடங்கியது. ஆலை போன்ற பெரிய கொள்முதல்காரர் ஒருவரோடு விவசாயிகளை இணைத்து, இடுபொருளைக் கடனாகக் கொடுத்து, விளைந்ததை அவரிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். கேட்க அழகான ஏற்பாடு. வெளியே விலை அதிகமாக இருந்தால் நெல் வெளியே போகும், யார்தான் விட்டுவைப்பார்? அரசுப் பணம்தானே, திருப்பிக் கேட்கமாட்டார்கள் என்ற நினைப்பும் சேர்ந்ததில் வசூல் பெரிய தலைவலியானது. உரம் தாமதமாக வந்தால் இங்கேயும் அதே கதைதான், பணமாக இருந்தாலாவது கடையில் வாங்கியிருக்கலாம்.

கேள்வி: கடன் தள்ளுபடி?

பதில்: மூழ்கியவரைக் கரையேற்றும், சரி. ஆனால் வட்டிக்காரரிடம் வாங்கிய கடனைத் தொடாது. 2008-இல் இந்தியா செய்த பெரிய தள்ளுபடியில், ஒழுங்காகக் கட்டியவருக்கு எதுவும் கிடைக்கவில்லை, நிலுவை வைத்தவருக்குத்தான் கிடைத்தது. அடுத்த தேர்தல் வரை பொறுத்துப் பார்க்கலாமே என்று யாராவது நினைத்தால் அவரைத் திட்டி என்ன பயன்?

கேள்வி: குத்தகை நிலத்தில் நெல் போடுகிறேன். பத்திரம் என் பெயரில் இல்லை. எனக்குக் கடன் கிடைக்குமா?

பதில்: நேரடியாகக் கிடைப்பது கஷ்டம். எழுத்தில் குத்தகை ஒப்பந்தம் இருந்தால் முயலலாம், பல உரிமையாளர்கள் எழுதித் தரப் பயப்படுவார்கள். உங்களைப் போன்ற சிலர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் குழுக் கடன் இன்னொரு வழி. 1966-இல் தொடங்கிய தாய்லாந்தின் விவசாய வங்கி இந்த முறையில் நிறையச் சிறு விவசாயிகளுக்குக் கடன் கொடுத்திருக்கிறது. ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போய்ப் பயிரைக் கவனிக்க முடியாவிட்டால் மற்றவர்கள் தாங்கிவிடலாம். வெள்ளம் அப்படி இல்லை, குழுவில் எல்லார் வயலிலும் ஒரே இரவில் ஏறும். அதனால் சேருமுன் மேலாளரிடம் ஒன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: இயற்கைச் சேதத்துக்குத் தவணை நீட்டிப்பு வந்தால் அது குழு முழுவதற்குமா, விண்ணப்பித்தவருக்கு மட்டுமா?