முதல் இடத்துக்கு எதிரே 5-வது ஆளா?

டிராக் ரேஸில் (நேர்கோட்டில் ஓட்டும் பைக் ரேஸ்) ஜோடி போட்டதில் மோசடியான்னு கேட்டிருக்கீங்க. இரண்டிரண்டு பேராக ஓடி, தோற்றவர் வெளியேறும் 8 பைக் எலிமினேஷனில், குவாலிஃபையிங்கில் (தகுதிச் சுற்றில்) முதலாவது வந்த உங்களுக்கு 8-வது ஆளைக் கொடுக்காமல் 5-வது ஆளைக் கொடுத்தது மோசடி இல்லை. பெரும்பாலும் லேடர் (யாருக்கு யார் எதிர் என்ற ஜோடிப் பட்டியல்) வகைதான் காரணம். 1–8, 2–7 என்று கோர்ப்பது புரோ லேடர். 1–5, 2–6, 3–7, 4–8 என்று மேல் பாதியைக் கீழ் பாதியோடு கோர்ப்பது ஸ்போர்ட்ஸ்மேன் லேடர். இரண்டாவதில் முதல் இடத்துக்குச் சலுகை குறைவுதான், எனக்கும் அது பிடிக்காது. ஆனால் விதிமீறல் ஆகாது. எந்த லேடர் என்று போட்டியின் துணை விதிமுறையில் பாருங்க.

"ஓடின நேரம் எனக்குத்தான் குறைவு, ஆனாலும் தோத்துட்டேன்"னு எழுதியிருக்கீங்க. டைம் ஸ்லிப்பில் (ஓடி முடித்ததும் தரும் நேரச் சீட்டு) ரியாக்‌ஷன் டைமையும் (பச்சை விளக்கு எரிந்ததிலிருந்து பைக் கிளம்பும் வரை ஆன நேரம்) கூட்டுங்க. உதாரணமா:

நீங்க: 12.40 + 0.31 = 12.71
அவர்: 12.46 + 0.18 = 12.64

கோட்டை முதலில் தொட்டது அவர். நம்ம வேலூர் பக்கத்துக் காளை விடும் விழாவில் ஓடின நொடி மட்டும்தான் கணக்கு; இங்கே அப்படி இல்லை, பச்சை விளக்குக்குத் தூங்கின நொடியும் சேரும். (மெதுவான பைக்கை ஹேண்டிகேப் கொடுத்து முன்னாடியே கிளப்பும் பிராக்கெட் ரேஸுக்கு இந்தக் கூட்டல் அப்படியே பொருந்தாது.)

ஒண்ணு மட்டும்: முதல் சுற்று ஓடின பிறகு ஜோடியை மாத்தியிருந்தா, அது நிச்சயம் கேட்க வேண்டிய விஷயம். புரொடெஸ்ட்டை (முறையான ஆட்சேபத்தை) எழுத்தில்தான் கொடுக்கணும். அதுக்குக் கட்டணமும் நேர வரம்பும் உண்டு. வீட்டுக்கு வந்து யோசிச்சா தாமதம்.