பறித்தார்களா?

அன்புள்ள ஐயா,

லாபத்தில் நடந்துவந்த தனியார் மின்சாரக் கம்பெனிகளை, 1947இல் சென்னையில் தொடங்கி, அரசு ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டது. இன்று மின்வாரியம் கடனில் தவிக்கிறது. அவற்றை அப்படியே விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்குமல்லவா?
க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது என் ஆச்சியின் தோட்டத்துக் கிணற்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாரியத்தின் கடனுக்குள் நான் போகப் போவதில்லை. பிற்காலத்துக் கட்டண முடிவுகளைக் கொண்டு 1947ஐ எடைபோடுவது முறையல்ல.

ஆனால் ‘பறித்துக்கொண்டது’ என்ற சொல்லை என்னால் கடந்துபோக முடியவில்லை. இவ்வளவு தெளிவாக எழுதத் தெரிந்த நீங்கள், உரியச் சட்டத்தை ஒருமுறை படித்துவிட்டு எழுதியிருக்க வேண்டாமா? உரிமத்தில் குறித்த காலம், அதாவது 50 ஆண்டுகளுக்கு மேற்படாத ஒரு காலம், முடிந்ததும் கம்பெனியைச் சந்தை மதிப்புக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றும், கட்டாய விற்பனை என்பதால் அதன்மேல் 20 விழுக்காடு வரை சேர்த்துத் தரலாம் என்றும் 1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டமே சொல்லியிருந்தது. வெள்ளையர் அரசு எழுதிய அந்த நிபந்தனைக்கு உட்பட்டுத்தான் கம்பெனிகள் தெருவில் கம்பம் நட்டன. கம்பெனிகளைக் கையகப்படுத்தச் சென்னை அரசு 1949இல் தனிச் சட்டம் கொண்டுவந்தபோது, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த ராஜமுந்திரியின் மின்சாரக் கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை சென்று, ஒரு தொழில் நிறுவனத்தை முழுதாகக் கையகப்படுத்தும் அதிகாரம் மாகாணச் சட்டமன்றத்துக்கு இருக்கவில்லை என்று 1954இல் தீர்ப்பும் பெற்றது. அரசு அதே ஆண்டில் புதிய சட்டம் இயற்றி, இழப்பீட்டுக்கும் வழி வகுத்தது. வழக்காடி அரசை வெல்ல முடிந்த இடத்தில் நடந்ததைப் பறிப்பு என்று சொல்லாதீர்கள்.

அந்த மின்சாரம் யாருடையது என்றும் யோசியுங்கள். 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம் என மலையிலும் அணையிலும் அரசுதான் பணத்தைப் போட்டது. அதை மொத்தமாக வாங்கி, வீடுகள் நெருங்கியிருக்கும் நகரத்தில் மட்டும் சில்லறையாக விற்ற கம்பெனிகள் பல. நகரத்தின் வருமானம் அவர்களிடமே தங்கிவிட்டால், கம்பத்துக்குக் கம்பம் செலவு மட்டுமே வைக்கும் கிராமத்துக்கு எந்தப் பணத்தில் கம்பி இழுப்பது?

பாபநாசத்திலிருந்து வந்த உயர் அழுத்தக் கம்பி எங்கள் வயலுக்கு மேலேதான் போயிற்று. கீழே ஆச்சி விடியுமுன் எழுந்து கமலை இறைத்தாள். நகர எல்லையோடு கம்பெனியின் கம்பங்கள் நின்றுவிட்டன. அங்கிருந்து எங்கள் கிணறு இரண்டே மைல். கேட்கப் போன தாத்தாவிடம், உங்கள் ஊர் எங்கள் எல்லைக்குள் வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது விதிப்படி சரிதான், ஆனால் அந்த விதிக்குள் எங்கள் ஊருக்கு இடமே இல்லை. 1957இல் வாரியம் அமைந்து, அதன்பின் சில ஆண்டுகள் கழித்தே எங்களுக்குக் கரண்ட் வந்தது.

மோட்டார் ஓடிய முதல் நாள், கமலை மாடுகள் இரண்டையும் ஆச்சி வாய்க்கால் ஓரத்துப் புல்லில் கட்டிவிட்டு, அவை மேய்வதை வெயில் ஏறும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.