அப்பாவின் மருந்தும் இறைபோசோமும்

மதிப்புக்குரிய டீச்சர்,

கலத்தைப் பற்றி நீங்கள் எழுதிவரும் தொடரைத் தவறாமல் வாசிக்கிறேன். அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். சத்திரசிகிச்சை முடிந்து, கீமோவின் முதலாவது சுற்றும் ஏற்றியாயிற்று. கலத்தில் புரதங்களை ஆக்கும் நுண்ணிய அமைப்புக்களான இறைபோசோம்களைப் புற்றுக் கலங்கள் அளவுக்கு மிஞ்சி ஆக்குகின்றன என்று வாசித்தேன். அது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா? முட்டை, மீன் போன்ற புரத உணவுகள் அதைக் கூட்டுமா? இறைபோசோம் ஆக்கத்தைத் தடுக்கும் புதிய மருந்துகள் பரிசோதனையில் இருக்கின்றனவாம். கீமோ பழைய காலத்து மருந்து, புதியது வரும்வரை இரண்டாவது சுற்றைத் தள்ளிப்போடலாம் என்று அப்பா சொல்கிறார்.

க., வெள்ளவத்தை

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தின் கடைசி வரி இரண்டு நாட்களாக என்னைத் தூங்கவிடவில்லை. ஆனாலும் முதலில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

பெரும்பாலான பெருங்குடல் புற்றுக்களில் ஆரம்பத்திலேயே பழுதடைவது ஏ.பி.சி என்னும் பரம்பரையலகு. அது அடக்கி வைத்திருந்த சமிக்ஞை கட்டவிழ்ந்ததும், மிக் எனப்படும் இன்னொரு பரம்பரையலகு ஓய்வின்றித் தொழிற்படத் தொடங்கி, கலத்தின் கருவுக்குள் இருக்கும் புன்கருவில் இறைபோசோமுக்குரிய ஆர்.என்.ஏ., டி.என்.ஏ.யிலிருந்து படியெடுக்கப்படுவதையும் அதனுடன் சேரவேண்டிய ஏறத்தாழ 80 புரதங்கள் ஆக்கப்படுவதையும் ஒருசேர முடுக்கிவிடுகிறது. புற்றுக் கலங்களின் புன்கரு பருத்திருப்பதை 1896இலேயே பியனீசே என்ற இத்தாலிய நோயியலாளர் எழுதிவைத்தார். இப்படிப் பார்த்தால் அது விளைவுதான். ஆயினும் அந்த விளைவு இல்லாமல் கட்டி வளராது. கட்டிக்குள் இறைபோசோம் ஆர்.என்.ஏ.யை மிகுதியாக ஆக்கும் ஒரு பகுதிக் கலங்களே வளர்ச்சியைக் கொண்டுசெல்கின்றன என்றும், அந்த ஆற்றலை இழந்தவை முதிர்ந்து ஓய்ந்துவிடுகின்றன என்றும் பார்சலோனா ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். இதற்கு நேர்மாறாக, இறைபோசோம் ஆக்கம் பிறவியிலேயே குறைபட்ட டயமண்ட்-பிளாக்ஃபன் இரத்தச்சோகை உள்ளவர்களுக்கும் பெருங்குடல் புற்று வரும் அபாயம் கூடுதலாக இருக்கிறது. ஆகவே காரணமா, விளைவா என்று ஒரு சொல்லில் முடிக்க இடமில்லை.

முட்டையையும் மீனையும் நிறுத்தாதீர்கள். மிக்கின் கட்டளை சோற்றுக் கோப்பையிலிருந்து வருவதில்லை. பட்டினி போட்டால் மெலியப்போவது அப்பாதான்.

இனி அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். பிள்ளை, கோபத்துடன்தான் கேட்கிறேன்: அப்பா அப்படிச் சொன்னபோது நீங்கள் ஏன் பேசாமல் இருந்தீர்கள்? பெருங்குடல் புற்றுக்குச் சத்திரசிகிச்சையின் பின் பொதுவாக ஏற்றப்படுபவை ஒக்சாலிபிளாட்டினும் 5-புளோரோயுராசிலும். அப்பாவின் சிகிச்சை அட்டையை எடுத்துப் பாருங்கள். பிந்தியது 1957ஆம் ஆண்டு மருந்து. அந்த வகையில் பழையதுதான். அது ஆர்.என்.ஏ.யின் நான்கு எழுத்துக்களில் ஒன்றான யூராசிலின் வேடத்தில் ஆர்.என்.ஏ.க்குள் புகுந்து, இறைபோசோமுக்கான நீண்ட முன்னோடி ஆர்.என்.ஏ. வெட்டிச் சீர்ப்படுத்தப்படுவதைக் குழப்புகிறது. ஒக்சாலிபிளாட்டின் பற்றி நானே உயர்தர வகுப்பில் பல ஆண்டுகள் தவறாகக் கற்பித்தேன். மற்றப் பிளாட்டினம் மருந்துகளைப் போல அதுவும் டி.என்.ஏ.யைச் சேதப்படுத்தியே கொல்கிறது என்று கரும்பலகையில் படம் கீறிக் காட்டினேன். 2017இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வு, அது கலத்தைக் கொல்வது முதன்மையாக இறைபோசோம் ஆக்கத்தை முடக்குவதன் மூலமே என்று காட்டியபோது, அந்த மாணவர்களையெல்லாம் திரும்ப அழைத்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

முடக்கினால் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இறைபோசோமில் சேர இடமின்றி நிற்கும் சில புரதங்கள், பி53 என்னும் காவற்புரதத்தை வழக்கமாக அழித்துக்கொண்டிருக்கும் எம்.டி.எம்.2ஐப் பிடித்துக்கொள்கின்றன. அழிவிலிருந்து தப்பிய பி53 பெருகி, அது பழுதுபடாதிருக்கும் கலங்களில் பிரிவை நிறுத்துகிறது அல்லது கலத்தையே சாகவைக்கிறது. நீங்கள் வாசித்த புதிய மருந்துகளில் ஒன்றான சி.எக்ஸ்-5461, இறைபோசோம் ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுவதைத் தடுப்பதற்கென உருவாக்கப்பட்டது. அப்பா காத்திருக்க நினைக்கும் தாக்குதல், அவருடைய கட்டிலருகே தொங்கிய மருந்துப் பையிலேயே இருந்தது.

கொட்டாஞ்சேனையில் இருந்த என் அத்தானுக்கும் இதே நோய், இதே மருந்து. ஏற்றிய நாட்களில் குளிர்சாதனப் பெட்டியின் பிடியைத் தொட்டாலே அவருடைய விரல்கள் ஊசி குத்தியதுபோல் விறைக்கும். அக்கா அந்தப் பிடியில் பழைய துவாயொன்றைச் சுற்றிக் கட்டியிருந்தார். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு, வெளிநாட்டிலிருந்து புதிய மருந்து வருகிறது என்று ஒரு தனியார் நிலையத்தில் யாரோ சொன்னதை நம்பி அத்தான் நிறுத்திக்கொண்டார். எட்டு மாதங்கள் காத்திருந்தார். அதற்குள் நோய் ஈரலுக்குப் போய்விட்டது. தொடர்ந்து ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் துவாயை அவிழ்த்த நாளில் வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம், நானும்தான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

வெண்குருதிக் கலங்கள் குறைந்திருந்தால் வைத்தியரே சில நாட்கள் தள்ளிவைப்பார். அது வேறு விடயம். அப்பாவாகத் தள்ளிப்போடக் கூடாது. பரிசோதனை மருந்து பற்றி அறிய ஆசையென்றால் இரண்டாவது சுற்றுக்குப் போகும் அன்றே வைத்தியரிடம் கேட்கட்டும். போகும்போது சுடுதண்ணீர்ப் போத்தலும் கையுறையும் கொண்டுபோங்கள். கையுறையைப் போட்டுக்கொண்டே வீடு திரும்பட்டும். விரல் விறைப்பு அடுத்த சுற்றுவரை போகாமல் நின்றால் அதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், மருந்தின் அளவை மாற்ற வைத்தியருக்கு வழி இருக்கிறது.