பரணில் 12 நாள் கிடந்த முட்டைகள்

கேள்வி: ஐயா, காரைக்குடி பக்கம் கண்டனூரிலிருந்து எழுதுகிறேன். வீட்டுக்குப் பின்னால் 9 சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டைகளும் ஒரு சேவலும் வைத்திருக்கிறேன். சித்திரை பிறந்ததும் 50 முட்டை கொள்ளும் தெர்மாகோல் இன்குபேட்டர், அதாவது முட்டை பொரிக்கும் பெட்டி வாங்கி, 12 நாளாகச் சேர்த்த 40 முட்டைகளை வைத்தேன். 7ஆம் நாள் செல்போன் டார்ச்சில் பார்த்தால் 11 முட்டையில் ஒன்றுமே தெரியவில்லை, 9 முட்டையில் சிவப்பு வளையம். மீதி 20இல் 7தான் பொரித்தது. இரண்டு குஞ்சுகள் ஓட்டை உடைத்துவிட்டு வெளியே வரமுடியாமல் திணறியதைப் பார்த்து நானே உரித்துவிட்டேன். இரத்தம் வந்து இரண்டும் செத்துப்போயின. இடி இடித்துக் கரு கலங்கிவிட்டது என்கிறார் மாமியார். பெட்டி விற்றவரோ இது பழைய மாடல், முட்டையைத் தானே திருப்பும் 14,000 ரூபாய் மிஷின் வாங்குங்கள் என்கிறார். வாங்கலாமா? (முட்டைகளைச் சேர்த்து வைத்திருந்தது பரணில், கூடையில்.)

பதில்: வாங்காதீர்கள் அம்மா. அந்தப் பணத்துக்கு இன்னும் நாலு நல்ல பெட்டைகளும் ஒரு பந்தலும் வரும். திருப்பும் வேலைக்கு மிஷின் எதற்கு? முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை கையால் புரட்டினால் போதும். 18ஆம் நாள் நிறுத்திவிட வேண்டும். 95 சதவீதம் பொரிக்கும் என்று வாயால் உத்தரவாதம் தருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்த முட்டைக்கு, எத்தனை நாள் பழையதற்கு? இதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொன்னதில்லை.

நீங்களும் கடிதம் முழுக்கப் பெட்டியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்த 12 நாளும் முட்டைகள் எங்கே இருந்தன என்பது கடைசி வரியில், அடைப்புக்குறிக்குள் இருக்கிறது: 'பரணில், கூடையில்.' எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான். சித்திரை மாதம், ஓட்டுக்குக் கீழே, பரண்! மத்தியானம் அங்கே நீங்கள் பத்து நிமிடம் உட்கார மாட்டீர்கள்.

கருமுட்டை என்பது உயிரோடு தூங்குகிற பொருள். 15 முதல் 18 டிகிரி வரை அது நன்றாகத் தூங்கும். ஏறக்குறைய 27 டிகிரிக்கு மேலே போனால் அரைத்தூக்கத்தில் எழுந்து கரு வளரப் பார்க்கும். வளரப் போதுமான சூடும் கிடையாது, தூங்கப் போதுமான குளிர்ச்சியும் கிடையாது. பகலில் கொஞ்சம் வளர்ந்து, விடியற்காலைக் குளிரில் நின்று, மறுநாள் மறுபடி கொஞ்சம் வளர்ந்து நொந்துபோன கருவைத்தான் நீங்கள் பெட்டியில் வைத்தீர்கள். அது மூன்று நான்கு நாளில் செத்து, இரத்தம் ஓரத்துக்கு ஒதுங்கி நிற்பதுதான் அந்தச் சிவப்பு வளையம். பெட்டிச் சூடு ஏறினாலும் வளையம் வரும் என்பது உண்மைதான். ஆனாலும் பரண் என்று படித்த பிறகு நான் பெட்டியைச் சந்தேகப்பட மாட்டேன்.

ஒன்றுமே தெரியாத 11 முட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? அடுத்த முறை ஒவ்வொன்றாகத் தட்டில் உடைத்துப் பாருங்கள். மஞ்சள் கருமேல் கடுகளவு அழுத்தமான வெள்ளைப் புள்ளி இருந்தால் சேவல் சேராத முட்டை. புள்ளி பெரிதாகி, வெளுத்த வளையம்போல் பரவியிருந்தால் கரு கூடி, பெட்டிக்குப் போகும் முன்போ போன சுருக்கிலோ செத்தது. டார்ச்சில் இரண்டும் ஒரே மாதிரி வெறுமையாகத்தான் தெரியும். இதைப் பார்க்காமலே சேவலைப் பழி சொல்லி அடித்துக் குழம்பு வைத்தவர்களை எனக்குத் தெரியும். 9 பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம்.

முட்டை சேர்க்க நான் சொல்லும் வழி பானைதான். வாய் அகன்ற மண்பானையில் பாதிக்கு மணல் கொட்டி நன்றாக நனையுங்கள். மேலே மடித்த சாக்கு, அதன்மேல் கூர்முனை கீழாக முட்டைகள், வாயில் மெல்லிய வேட்டித் துணி. தினமும் மணலுக்குத் தண்ணீர். முட்டை மட்டும் நனையக் கூடாது. பானையைப் பரணில் ஏற்றாமல், வீட்டிலேயே சுவர் தடித்த, தரை குளிர்ந்த அறையில் வையுங்கள். உங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் அப்படி ஓர் அறை இல்லாமல் இருக்காது. முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து பூசிய சுவர், முட்டையைக் காக்காதா என்ன? என் வீட்டில் அறை 34 காட்டிய அன்று பானைக்குள் 27தான். 18 அல்ல, ஆனாலும் பரணைவிட எவ்வளவோ மேல். பானையிலும் கோடையில் 5 நாள், மற்ற காலத்தில் 7 நாள், அதற்கு மேல் வேண்டாம். பிரிட்ஜில் வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். காய்கறிக்கான 4, 5 டிகிரி கருவுக்கு ஆகாது; வெளியே எடுத்ததும் ஓடு வியர்க்கும். அழுக்கு முட்டையைக் கழுவவும் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். அதைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். இடிக்குக் காப்பாக முட்டையோடு கரித்துண்டும் இரும்பாணியும் வைப்பதால் நட்டமில்லை. ஆனால் இடி இடித்தால் கரண்ட் போகும், அதைத்தான் கவனிக்க வேண்டும். கரண்ட் போனதும் பெட்டியைத் திறக்காமல் கம்பளியால் மூடுங்கள், காற்றுத் துளையை மட்டும் அடைக்காதீர்கள். ஓரிரண்டு மணி நேரக் குளிர்ச்சியை முட்டை தாங்கும். சூடு ஏறினால்தான் தாங்காது. விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி. பெட்டியில் மின்னும் எண்ணை நம்பாமல், முட்டை மட்டத்தில் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். ஒரு டிகிரி பொய் சொல்லும் பெட்டிகள் நிறைய.

இனி ஓட்டுக்குள்ளேயே செத்த குஞ்சுகள். அவற்றில் சிலவாவது மூடியைத் திறந்து திறந்து பார்த்ததால் போனவை. 18ஆம் நாளிலிருந்து ஈரப்பதம் 65, 70 சதவீதம் வேண்டும். திறந்த ஒவ்வொரு முறையும் அது ஓடிவிடும். உள்சவ்வு காய்ந்து தோல்போல் குஞ்சைச் சுற்றி இறுகிவிடும். தட்டில் வெந்நீரும் ஒரு ஸ்பாஞ்சும் வைத்து மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள். முதல் கீறல் விழுந்த பிறகு முழுதாக வெளியே வர ஒரு நாள்கூட ஆகும். அந்த நேரத்தில்தான் சவ்வில் ஓடும் இரத்தத்தைக் குஞ்சு தன்னுள் இழுத்துக்கொள்கிறது. நீங்கள் உரித்தது அந்த இரத்தக் குழாய்களை. பாவம், நல்லது செய்யத்தான் உரித்தீர்கள்.

அடுத்த முறை 40 வேண்டாம். ஒரு பெட்டை அடைக்கு உட்காரும் அன்றே அதன் அடியில் 10 முட்டையும் பெட்டியில் 15 முட்டையும் வையுங்கள். 7ஆம் நாள் இரண்டையும் டார்ச்சில் பாருங்கள். பெட்டை முட்டையிலும் வெறுமையும் வளையமும் அதே அளவில் இருந்தால் கோளாறு முட்டையில்தான், பெட்டியைத் திட்டாதீர்கள். பொரித்த அன்று இரவு பெட்டிக் குஞ்சுகளை அடைக்கோழி அடியில் நழுவவிட்டால் காலையில் எல்லாவற்றையும் அதுவே மேய்க்கும்.

இப்போது கையிலுள்ள 7 குஞ்சுகளுக்கு 7ஆம் நாள் வெள்ளைக்கழிச்சல் தடுப்புச் சொட்டு கண்ணில் விட வேண்டும். கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவதானால் ஐஸ் போட்ட பிளாஸ்கில் எடுத்துவாருங்கள்.