கேள்வி: வெயில் காலத்து லீவில பிள்ளைகளுக்குக் குதிரை ஓடப் பழக்கலாமா, எத்தனை வயசில தொடங்குறது?

தாராளமாப் பழக்கலாம். ஆறு ஏழு வயசு நல்ல வயசு, அதுக்கு முதல் முதுகை நிமித்தி இருக்கிற பலம் கனக்கப் பிள்ளைகளுக்கு வராது. ஆனா நீங்க வயசைக் கேட்டிருக்கிறீங்க, எனக்கு அதைவிட நேரம்தான் முக்கியமாப் படுது. நாங்க திருகோணமலை ஆக்கள். இங்க மே மாசம் தொடங்கினா கச்சான் காத்து, மத்தியானம் வெறுங்காலோட முத்தத்தில இறங்கேலாது, அந்த வெக்கையில ஒரு குதிரையை வெளிய கொண்டு வந்து அதுக்கு மேல பிள்ளையை ஏத்துறது ரெண்டு பேருக்கும் செய்யிற அநியாயம்.

ஆகஸ்ட் லீவு விட்ட கையோட நாங்க தம்பலகாமத்தில அம்மா வீட்டுக்குப் போயிடுவம், மூத்தவளுக்குப் பத்து, சின்னவனுக்கு ஏழு. கந்தளாய்க் குளத்துத் தண்ணி பாயிற வயல், சிறுபோகம் வெட்டுற நேரம், எல்லாரும் வயலும் மெசினுமா நிப்பாங்க. என்ட தம்பி டுபாயில குதிரை லாயத்தில கன காலம் வேலை செய்தவன், திரும்பி வந்து நுவரெலியாவில சவாரிக்கு நிண்ட ஒரு வயசான போனிக் குதிரையை வாங்கி லொறியில ஏத்திக்கொண்டு வந்தான். குளிருக்குப் பழகின உடம்பு, இங்கத்த வெயிலுக்குப் பழகட்டும் எண்டு ரெண்டு மூண்டு கிழமை அதில ஒருத்தரையும் ஏற விடேல்ல, காலமையும் பின்னேரமும் கயித்தில பிடிச்சு நடத்தினது மட்டும்தான். பிள்ளைகள் அழுது பார்த்தாங்க, மாமா அசையேல்ல.

லீவில எங்கட நாள் முழுக்க அந்தக் குதிரையைச் சுத்தித்தான் ஓடும். விடியப்பறம் எழும்பி பிளேன்டீயைக் குடிச்சிட்டு வெளிக்கிட்டா எட்டு மணிக்குள்ள சவாரி முடிஞ்சிடும், பிறகு கிணத்தடியில கொண்டு போய் உடம்பைக் கழுவி, வியர்வைத் தண்ணியை வழிச்சு விட்டு புளியமர நிழல்ல கட்டுறது. வாளி வாளியாத் தண்ணி வைக்கணும், சாதாரண நாளிலயே ஒரு குதிரை 25 லீட்டருக்கு மேல குடிக்கும், வெக்கைக்கு இன்னும் கூட. அதுக்குப் பிறகு பிள்ளைகள் வாய்க்கால்ல விழுந்து குளிக்க, அம்மம்மான்ட சோறு, ஒரு நித்திரை, கரம் போர்ட். வெயில் தாழ்ந்தாப் பிறகு திருப்பிக் கொஞ்ச நேரம் ஓடுவாங்க, இல்லாட்டி கன்னியாவுக்குப் போவம், ஏழு வெந்நீர்க் கிணத்தில எது கூடச் சூடு எண்டு அவங்களுக்குள்ள ஒவ்வொரு முறையும் ஒரு சண்டை.

இனி பழக்கின விதம். தம்பி முதல் கிழமை ஏறவே விடமாட்டான். குதிரைக்குக் கண் ரெண்டும் பக்கவாட்டில இருக்கு, நேர பின்னால நிக்கிறதும் மூஞ்சிக்குக் கிட்ட நேர முன்னால நிக்கிறதும் அதுக்குத் தெரியாது, அதால குரல் குடுத்துக்கொண்டு தோள் பக்கத்தால போகணும், வாழைப்பழத் தோலைக் குடுக்கேக்கயும் விரலை மடக்காம உள்ளங்கையை விரிச்சுக் குடுக்கணும். குளம்பு துப்புரவாக்குறதை ரெண்டு பேரும் மாமாக்குப் பக்கத்தில இருந்து பழகினாங்க. காலைத் தூக்கிப் பார்த்தா நடுவில முக்கோணமா றப்பர் மாதிரி மெத்தெண்டு ஒரு பகுதி இருக்கும், அதில குத்தக்கூடாது, அதுக்கு ரெண்டு பக்கத்திலயும் இருக்கிற பள்ளத்தில சேறும் சின்னக் கல்லும் இறுகிக் கிடக்கும், அதைக் குதிப் பக்கத்தில இருந்து முன்னுக்குக் கிண்டி எடுக்கணும். ஒருநாள் சின்னவன் மணந்து பார்த்திட்டு மாமா இண்டைக்கு நாறுது எண்டான், பார்த்தா உண்மையாவே ஈரத்தில அழுகத் தொடங்கியிருக்கு. கட்டுற இடத்தை அண்டைக்கே மேட்டுக்கு மாத்தினம்.

ஏத்தினாப் பிறகும் கடிவாளத்தைக் கையில குடுக்கேல்ல. இதை நான் அழுத்திச் சொல்லுறன், ஏனெண்டா கன பேர் முதல் நாளே வாரைப் பிள்ளைன்ட கையில குடுத்துப் படம் எடுக்கிறாங்க. பிள்ளைக்கு நிலை தடுமாறினா அந்த வாரைப் பிடிச்சுத்தான் தொங்கும், மற்றப் பக்கத்தில இருக்கிற இரும்பு குதிரைன்ட வாயில. தம்பி நீளக் கயித்தைப் பிடிச்சு நடுவில நிப்பான், குதிரை அவனைச் சுத்தி நடக்கும், பிள்ளைகள் ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, இப்ப எந்தக் கால் நிலத்தில படுது எண்டு சொல்லணும். மூத்தவள் ஒரு கிழமைக்குள்ள முன்னங்கால் வைக்கிறதைப் பிசகாமச் சொன்னாள், அதுக்குப் பிறகுதான் வார் கைக்கு வந்தது. இப்ப அவள் ஓடேக்க குதிரைன்ட காதைத்தான் பார்ப்பாள். ஒரு காது அவள் பக்கம் திரும்பியிருந்தா சொல்லுறதைக் கேட்குது, ரெண்டு காதும் பின்னால ஒட்டிப் படுத்தா கோவம், உடனே நிப்பாட்டி இறங்குவாள்.

ஹெல்மட்டில விட்டுக்குடுக்காதீங்க. மோட்டார் சைக்கிள் ஹெல்மட் சரிவராது, பாரம் கூட, சின்னக் கழுத்து தாங்காது, குதிரை ஓடுறதுக்கெண்டே செய்த ஹெல்மட்டைத்தான் தேடி எடுக்கணும். சிலிப்பரோட ஏத்தவே கூடாது, கொஞ்சம் குதி வச்ச சப்பாத்து வேணும், இல்லாட்டி சேணத்தில தொங்குற, கால் வைக்கிற வளையத்துக்குள்ள கால் வழுக்கிப் போய் மாட்டும், விழுந்தா இழுபட வேண்டியதுதான்.

நெடுந்தீவில காட்டுக் குதிரை சும்மா நிக்குதே, ஒண்டைப் பிடிச்சு வந்தா என்ன எண்டு ஊரில கேட்கிற ஆக்களும் இருக்கிறாங்க. அதுகள் தலைமுறை தலைமுறையா அவிழ்த்து விட்டபடி வாழுற குதிரைகள், தீவை விட்டுக் கொண்டு வரவும் ஏலாது. போய்ப் பாருங்க, ஒல்லாந்தர் காலத்து லாயத்தின்ட தூண்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்க, அவ்வளவுதான்.

கடற்கரையில ஓட ஆசையெண்டா அலை வந்து போற ஈர மணல்ல ஓடுங்க, காய்ஞ்ச மணல்ல கால் புதையப் புதைய ஓடினா குதிரைன்ட கால் தசைநாண் போயிடும். மணல்ல தீனியைக் கொட்டவும் வேண்டாம், மணலும் சேர்ந்து வயித்துக்குள்ள போய்க் குத்து வரும், குதிரையால சத்தி எடுக்கேலாது, அதால வயித்துக் குத்து வந்தா மிருக வைத்தியரைக் கூப்பிட ஒரு நிமிசமும் பிந்தக்கூடாது.

சொந்தமாக் குதிரை இல்லை, சுற்றுலா போற இடத்தில காசு குடுத்துத்தான் ஏத்தப் போறீங்களெண்டா முதல்ல சேணத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க. முதுகில புண்ணிருந்தா, பக்கத்தில தண்ணி வாளி இல்லாட்டி, குதிரை உச்சி வெயில்ல கட்டிக் கிடந்தா ஏத்தாதீங்க, ஏன் ஏத்தேல்ல எண்டு பிள்ளைக்கும் அந்த இடத்திலயே சொல்லுங்க.