ஹென்றி மலை பைசன் டேக்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பெருவிலங்கு வேட்டைக் குலுக்கலுக்கு மார்ச் கடைசிவாக்கில் விண்ணப்பம் தொடங்கும். அந்தக் குலுக்கலில் கிடைக்கும் வேட்டை அனுமதியைத்தான் டேக் என்கிறோம். அங்குள்ள ஹென்றி மலையில் நான் ஒரு பசு பைசனை (அமெரிக்கக் காட்டெருது) வேட்டையாடியது தெரிந்து பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள்.

கேள்வி: அண்ணா, நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. துப்பாக்கி விஷயத்தில்தான் கவனம் வேண்டும். தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் வேட்டை லைசென்ஸ் செல்லுபடியாக இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. லைசென்ஸ் காலாவதியான அன்றே விலக்கும் போய்விடும், தம்பி. தேதியைக் குறித்து வையுங்கள். அப்புறம், 1965க்குப் பின் பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும்.

கேள்வி: ஒரு போனஸ் பாயிண்ட்கூட (டேக் கிடைக்காத வருடங்களுக்குச் சேரும் புள்ளி) இல்லை. விண்ணப்பிப்பது வீண்தானே?

வீண் இல்லை. டேக்குகளில் பாதி, அதிக பாயிண்ட் சேர்த்தவர்களுக்குப் போகும். மீதிப் பாதி எல்லோருக்கும் பொது. விண்ணப்பத்துக்கு ஒரு எண், ஒவ்வொரு பாயிண்டுக்கும் இன்னொரு எண் என்று கம்ப்யூட்டர் தரும். அதில் உங்களுடைய மிகச் சிறிய எண்ணைத்தான் கணக்கில் எடுக்கும்; எண் சிறியதாக இருப்பவருக்கே டேக். 14 பாயிண்ட் வைத்திருப்பவருக்கு 15 எண்கள், உங்களுக்கு ஒன்று. வாய்ப்பு குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. டேக் விழாவிட்டால் ஒரு பாயிண்ட் சேரும். வெளிமாநிலத்தவருக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஒதுக்கீடு என்பதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: பசு டேக் கேட்பதா, பசுவோ காளையோ எதை வேண்டுமானாலும் சுடலாம் என்ற டேக் கேட்பதா?

இது வாழ்நாளில் ஒரே ஒருமுறை கிடைக்கும் டேக். அதனால் எல்லோரும் பெரிய காளைக்கே ஆசைப்படுகிறார்கள். வீட்டில் சமைத்துச் சாப்பிடத்தான் போகிறீர்கள் என்றால் பசு டேக்குக்குப் போடுங்கள் என்பேன். கறி மிருதுவாக இருக்கும்.

கேள்வி: தூரத்திலிருந்து பசு எது, காளை எது என்று எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. பைசனில் பசுவுக்கும் கொம்பு உண்டு, அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். காளையின் கொம்பு அடியில் தடித்து, நெற்றி மயிர்க் கொத்துக்குள்ளிருந்து புறப்படும். பசுவின் கொம்பு அடியிலிருந்தே ஒல்லியாக, நுனி உள்நோக்கி வளைந்திருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்து அடிவயிற்றைப் பாருங்கள். காளைக்கு அங்கே மயிர்க்குஞ்சம் தொங்கும். நான் பைனாகுலரை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படுத்தே கிடந்தேன். என் பசு முதலிலேயே தெரிந்துவிட்டது, ஆனால் அதன் பின்னால் ஒரு கன்று நின்றது. குண்டு ஊடுருவிப் பின்னால் நிற்பதையும் தாக்கும். தனியாக விலகி நிற்கும்வரை விசையைத் தொடாதீர்கள். இன்னொன்று, திமிலைப் பார்த்து உயரமாகக் குறி வைக்காதீர்கள். இதயமும் நுரையீரலும் நினைப்பதைவிடக் கீழே இருக்கின்றன.

கேள்வி: தனியாகப் போய் வரலாமா?

வேண்டாம். பசுவே 450 கிலோ வரை இருக்கும், காளை அதுபோல் இரண்டு மடங்கு. என்னுடையது மதியம் மூன்று மணிக்கு விழுந்தது. நாங்கள் நான்கு பேர். தோலை உரித்தபோது அந்தப் பனியிலும் ஆவி பறந்தது. கழுத்துப்பக்கத் தோலுக்குள் கை விட்டால் அடுப்பருகே நிற்பதுபோல் சூடு. அந்தச் சூட்டை உடனே வெளியேற்றாவிட்டால் எலும்பை ஒட்டிய கறி கெட்டுவிடும். துண்டு போட்டு, முதுகில் சுமந்து, கடைசித் தொடை வண்டியில் ஏறும்போது இரவு பதினொன்று. கறியை வீணாக விட்டுவந்தால் சட்டப்படி குற்றம். ஆள் பலம் இல்லாதவர்கள் இந்த வருடம் பாயிண்ட் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கும் வழி இருக்கிறது.

கேள்வி: அழிவின் விளிம்புக்குப் போய் மீண்ட விலங்கு. அதைச் சுடுவது சரியா?

எனக்கும் இது லேசான விஷயமில்லை. 1941இல் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலிருந்து 18 பைசன்களை லாரியில் கொண்டுவந்து யூட்டாவின் ராபர்ஸ் ரூஸ்ட் பக்கம் விட்டார்கள். அவை டர்ட்டி டெவில் ஆற்றைக் கடந்து, 1963வாக்கில் தாமாகவே ஹென்றி மலைக்கு ஏறின. அந்த மந்தையின் வம்சம்தான் இன்று வேலி இல்லாமல் திரிகிறது. அங்கே ஓநாய் இல்லை. அதே புல்லை மாட்டுப் பண்ணைகளும் நம்பியிருக்கின்றன. மந்தை கட்டுக்கு மீறிப் பெருகினால் அதைச் சகித்துக்கொள்ள ஆளிருக்காது. அளவோடு வேட்டை நடப்பதால்தான் மந்தைக்கு அந்த மலையில் இடம் கிடைக்கிறது என்று நம்புகிறேன். அதனால்தான் ஒரு கிலோ கறியைக்கூட விட்டுவர எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: கொடைக்கானலில் ரோட்டோரம் நிற்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது நம் காட்டுமாடு, வேறு இனம். இந்தியாவில் அதை வேட்டையாடுவது குற்றம்.

கேள்வி: விண்ணப்பத்தில் எங்கே தவறு நடக்கும்?

கார்டில். டேக் விழுந்தால்தான் அதற்கான பணத்தை எடுப்பார்கள், அது மே மாதத்தில். அதற்குள் கார்டு காலாவதியானாலோ, பெரிய தொகை என்று வங்கி மறுத்தாலோ விழுந்த டேக் கைநழுவிவிடும். விண்ணப்பிக்கும் முன்பே கார்டின் தேதியைப் பாருங்கள், மே மாதம் முழுக்க ஈமெயிலைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.